ராஜா மேல் ஏஸ்

எதிரணி 4 ஸ்பேட் எடுத்திருந்தது. நான் கிழக்கு. எதிரே மேற்கில் முன்பின் தெரியாத ஒரு பார்ட்னர். பெயருக்குப் பதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு புனைபெயர், பக்கத்தில் ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டின் சின்னக் கொடி. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதல் சீட்டாக அவர் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினார். டம்மி விரிந்தது. என் கையில் ஆர்ட்டின் இரண்டே சீட்டு: ஏஸ், இரண்டு.

பார்ட்னரின் ராஜாவே பிடிக்கப் போகிறது, அதன் மேல் ஏஸை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு நொடிகூட நிற்காமல் இரண்டைத் தட்டினேன். ராஜா பிடித்தது. அடுத்து பார்ட்னர் டைமனுக்கு மாறினார். டிக்ளேரர் அதை டம்மியில் பிடித்தார், இரண்டு சுற்றில் எங்கள் துருப்பையெல்லாம் இழுத்தார், டம்மியில் மீதமிருந்த இரண்டு டைமனையும் ஆடி, கடைசி டைமனில் தன் கையிலிருந்த ஓர் ஆர்ட்டினைக் கழித்தார். பிறகு எங்களுக்குக் கிடைத்தது என் ஆர்ட்டின் ஏஸ் ஒன்று, பார்ட்னரின் கிளாவர் ராஜா ஒன்று. மொத்தம் மூன்று பிடி. அவர்கள் சொன்ன பத்துப் பிடியும் அவர்களுக்கு வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்த கையோடு சாட் பெட்டியில் எழுதினேன்: “ஏன் ஆர்ட்டினைத் தொடரவில்லை?” கேள்விக்குறி இரண்டு போட்டதாக நினைவு. மேஜையில் இருந்த நான்கு பேரும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதைப் படித்திருப்பார்கள். “மன்னிக்கவும், பார்ட்னர்” என்று பதில் வந்தது. அடுத்த சீட்டு பகிர்வதற்குள் மேற்கு இருக்கை காலியாகிவிட்டது.

அன்றிரவு ஆட்டப் பதிவைத் திறந்து நான்கு கையையும் பார்த்தேன். நான்காவது பிடி அங்கே இருந்தது. அதைக் கெடுத்தது அவர் இல்லை. முதல் பிடியிலேயே, அந்த இரண்டைப் போட்டு, நான் கெடுத்திருந்தேன்.

ப்ரிட்ஜ் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திண்ணையில் இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. ஏலத்தில் வென்ற ஜோடியில் ஒருவர் டிக்ளேரர். அவருடைய ஜோடியின் கை முழுவதும் மேஜையில் விரித்து வைக்கப்படும், அதுதான் டம்மி. டிக்ளேரர் இரண்டு கையையும் பார்த்து ஆடுவார். எதிர்த்து ஆடும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து, பாதி மட்டும் தெரிந்த படத்தைச் சேர்த்துப் பார்க்க முயல்வோம். பேசக் கூடாது, முகம் காட்டக் கூடாது. போடும் சீட்டு மட்டுமே பேச்சு. அதனால்தான் இந்த விளையாட்டில் மிகக் கடினமான பகுதி டிஃபென்ஸ் என்று சொல்வார்கள். இருபது வருடமாக ஆடுகிறேன், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

அந்தக் கைக்குத் திரும்புகிறேன். டம்மியில் ஆர்ட்டின் எட்டு, ஆறு, மூன்று. டைமனில் ஏஸ், ராஜா, ராணி மூன்றும் வரிசையாக. அதைப் பார்த்தபோதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். டிக்ளேரரிடம் டைமன் இரண்டு மட்டும் இருந்தால், மூன்றாவது டைமனில் ஒரு நஷ்டச் சீட்டைக் கழித்துவிடுவார். அதற்கு முன் எங்கள் பிடிகளை எடுத்தாக வேண்டும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. சீட்டுக்கட்டு முழுவதும் சேர்த்து 40. டம்மியில் 13, என்னிடம் 5, மீதி 22. ஏலத்தைத் தொடங்கிய டிக்ளேரரிடம் எப்படியும் 12 இருக்கும் என்று வைத்தால் பார்ட்னருக்கு மிஞ்சுவது அதிகமாகப் போனால் 10. ராஜாவை இறக்கியவரிடம், ஏஸ் என்னிடம் இருக்கும்போது, ராணி இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கே 5 போய்விட்டது. எஞ்சிய ஐந்தில் வெளியே ஒரு பிடிக்கு மேல் நம்ப முடியாது. 4 ஸ்பேடை வீழ்த்த நான்கு பிடி வேண்டும் என்றால் மூன்று ஆர்ட்டினிலிருந்து வந்தே ஆக வேண்டும், அதுவும் உடனே.

இப்போது என் இரண்டு சீட்டையும் பாருங்கள். ராஜா பிடித்து, பார்ட்னர் மறுபடி ஆர்ட்டினே ஆடினாலும், அதை நான் ஏஸால்தான் பிடிக்க முடியும். பிடித்த பிறகு திருப்பிப் போட என் கையில் ஆர்ட்டின் கிடையாது. வழி அடைபட்டுவிடும். அடைப்பை எடுக்க ஒரே ஒரு தருணம்தான் உண்டு, அது முதல் பிடி. பார்ட்னரின் ராஜா மேலேயே ஏஸைப் போட்டுப் பிடித்து, கையில் மீதமிருக்கும் இரண்டைத் திருப்பிப் போட வேண்டும். டிக்ளேரரிடம் அப்போது ஜாக்கியும் ஒன்பதும், அவருக்குப் பின்னால் பார்ட்னரிடம் ராணியும் பத்தும். டிக்ளேரர் எதைப் போட்டாலும் பார்ட்னர் அதற்கு மேலே போடுவார், அடுத்த ஆர்ட்டினும் அவருக்கே. மூன்று பிடி முடிந்ததும் ஒரு டைமனைப் போட்டுவிட்டு ஒதுங்கினால், கிளாவர் ராஜா தன் நேரம் வரும்போது நான்காவதாக வந்து சேரும்.

டிக்ளேரரிடம் ஜாக்கியும் பத்தும் சேர்ந்து இருந்தால் ஏஸை அப்படிப் போடுவது ஒரு பிடியைத் தாரை வார்ப்பதாகாதா என்று கேட்கலாம். நானும் அன்றிரவு அதைத்தான் முதலில் தேடினேன், எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஆனால் அவரிடம் டைமன் இரண்டே என்றால் அந்த மூன்றாவது ஆர்ட்டின் எப்படியும் டம்மியின் டைமனில் போகப்போகிற சீட்டு. போகப்போவதைப் பணயம் வைப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை.

என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. பார்ட்னரின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ராஜாவை இறக்கினார், நான் என்னிடமிருந்த மிகச் சிறிய சீட்டைப் போட்டேன். சிறிய சீட்டு என்றால் ‘எனக்கு இதில் ஒன்றுமில்லை’ என்றுதான் வழக்கமாகப் பொருள். ஏஸ் டிக்ளேரரிடம் இருக்கிறது என்று அவர் முடிவுகட்டினார், அதன்படி ஆர்ட்டினை விட்டுப் பத்திரமான சீட்டுக்கு மாறினார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். அதற்குத்தான் அவரைக் கேள்வி கேட்டேன்.

அன்றிலிருந்து டிஃபென்ஸ் பற்றி நான் யோசிப்பதே மாறிவிட்டது. ஒரு கையில் என்ன செய்ய வேண்டும் என்று இருவரில் ஒருவருக்கு முன்னதாகத் தெரிந்துவிடும். தெரிந்தவரே முடிவெடுத்துச் செயல்படுத்த வேண்டும், தெரியாதவரிடம் அதைத் தள்ளிவிட்டு அவர் சரியாக ஊகிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆர்ட்டின் அடைபட்டிருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும், என் கை எனக்கு மட்டும்தானே தெரியும்! பார்ட்னரிடம் மரியாதை என்பதை நான் முதலில் இங்கே வைக்கிறேன். ‘நன்றி’, ‘வாழ்த்துகள்’ என்று தட்டுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதிலிருந்து வந்த முதல் பழக்கம்: டம்மி விரிந்ததும் கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிடுகிறேன். திரையில் ஆடும்போது விரல் மூளையை முந்திவிடும். மேஜையில் என்றால் சீட்டை உருவி, நீட்டி, வைக்க வேண்டும். அந்த மூன்று அசைவுக்குள் யோசனை புகுந்துவிடும். இங்கே ஒரு தட்டு, முடிந்தது. முதல் பிடியில் மூன்றாவது கை நின்று யோசிப்பதை யாரும் தவறாக எடுப்பதில்லை. சீட்டு எதுவானாலும் நான் அங்கே ஒரு பத்துப் பதினைந்து நொடி எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்வதால் அந்த இடைவெளி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் நான் கேட்டுக்கொள்வது: எத்தனை பிடி வேண்டும், எங்கிருந்து வரும், டம்மியில் நம் பிடிகளை விழுங்கும் நீண்ட வரிசை இருக்கிறதா. இருந்தால் அவசரம். டம்மி தட்டையாக, சாரமில்லாமல் இருந்தால் அவசரமே வேண்டாம், பத்திரமான சீட்டைப் போட்டுவிட்டு டிக்ளேரரே தன் நஷ்டங்களைத் தேடிக்கொள்ளட்டும் என்று இருக்கலாம். பல ஆட்டங்களை நான் தோற்றது, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஏஸை நீட்டி டிக்ளேரரின் ராஜாவை வளர்த்துவிட்டதால்தான்.

டிஃபென்ஸ் பற்றியும் அதன் சைகைகள் பற்றியும் நூல்கள் நிறைய உண்டு. ஹியூ கெல்ஸி 1966-இல் எழுதிய ‘கில்லிங் டிஃபென்ஸ் அட் ப்ரிட்ஜ்’ இன்றும் அந்த வரிசையில் முதலில் நிற்கிறது. ஒரு தீவிரமான ஆட்டக்காரர் அதை வாழ்நாளில் ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும் என்பேன். நடைமுறையில் மூன்று சைகை போதும். பார்ட்னர் ஆடிய சீட்டுக்கு, பிடிக்கும் என்றால் பெரியது, பிடிக்காது என்றால் சிறியது. டிக்ளேரர் ஆடும் சீட்டுக்கு, தேவைப்பட்டால், எண்ணிக்கை: பெரியது பிறகு சிறியது என்றால் இரட்டைப்படை. மூன்றாவது, பார்ட்னருக்கு வெட்டக் கொடுக்கும்போது போடும் சீட்டின் அளவால் அடுத்து எந்த இனத்தில் வரவேண்டும் என்று சொல்வது. இதை 1930-களில் அமெரிக்கர் ஹை லாவிந்தால் வகுத்துக் கொடுத்தார். பிரிட்டனில் இதையே மெக்கென்னி என்பார்கள், நம் ஊர் கிளப்களில் பழைய ஆட்டக்காரர்கள் வாயிலும் அந்தப் பெயர்தான். இதைப் பற்றி ஒரு கையோடு பின்னால் சொல்கிறேன்.

சைகையை வாரி இறைக்கவும் கூடாது. டிக்ளேரரும் அதே சீட்டைத்தான் பார்க்கிறார். பார்ட்னருக்குப் பயன்படாது, டிக்ளேரருக்கு மட்டும் என் எண்ணிக்கை தெரிந்துபோகும் என்றால் எதையோ ஒன்றைப் போட்டுவிடுகிறேன்.

கழிக்கும்போது நான் பட்ட அடி ஒன்று உண்டு. டம்மியில் கிளாவர் ஏஸ், ராஜா, ராணி, ஏழு. என்னிடம் பத்து, எட்டு, ஆறு, மூன்று. டிக்ளேரர் துருப்பை ஒன்றன்பின் ஒன்றாக ஆடிக்கொண்டே போனார். கழிக்க ஏதாவது வேண்டும். ஒன்றுக்கும் உதவாத கிளாவர் மூன்று கண்ணில் பட்டது, போட்டுவிட்டேன். கடைசியில் ஏஸ், ராஜா, ராணி மூன்று சுற்று ஆடியதும் என் பத்து விழுந்தது, டம்மியின் ஏழு ஒரு பிடியாக நிமிர்ந்து நின்றது. நான் நான்கையும் வைத்திருந்தால் அந்த ஏழின் மேல் என் பத்து உட்கார்ந்திருக்கும். டம்மியில் நான்கு நீளம் என்றால், அதைத் தடுக்க முடிந்தவர் தானும் நான்கை விடாமல் வைத்திருக்க வேண்டும். சின்னச் சீட்டு என்று எதையும் தள்ளிவிட மனம் வருவதில்லை எனக்கு இப்போது.

இனி நேரம் பற்றி. திரையில் முகம் தெரியாது, கை நடுங்குவது தெரியாது, ஆனால் தாமதம் தெரியும். டம்மியில் ராஜாவும் ஜாக்கியும் இருக்கின்றன. டிக்ளேரர் தன் கையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை அதை நோக்கி ஆடுகிறார். அடுத்துப் போட வேண்டியவர் நீங்கள், உங்களிடம் ஏஸ், ராணி உங்கள் பார்ட்னரிடம். தடுமாறாமல் சின்னதைப் போட்டால் அவர் ராஜாவா ஜாக்கியா என்று திணற வேண்டும். மூன்று நொடி நின்று போட்டால், ஏஸ் எங்கே என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம். அவர் நிம்மதியாக ராஜாவைப் போடுவார். இதற்கான முடிவை அந்த நொடியில் எடுக்க முடியாது. டம்மி விரிந்தபோதே, ‘இதை நோக்கி ஆடினால் நான் ஏஸைப் போடமாட்டேன்’ என்று தீர்மானித்து வைத்துவிட வேண்டும். முதல் பிடியின் அந்தப் பதினைந்து நொடியில் இதுவும் அடக்கம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். ஒன்றும் இல்லாதபோது யோசிப்பதுபோல் பாவனை செய்து டிக்ளேரரை ஏமாற்றுவது விதிப்படியே குற்றம். டூப்ளிகேட் ப்ரிட்ஜ் விதிகளில் 73-வது விதி இதைத்தான் பேசுகிறது. சீட்டால் ஏமாற்றலாம், அது கலை. நேரத்தால் ஏமாற்றக் கூடாது. அதேபோல் பார்ட்னரின் தாமதத்திலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் எட்டு நொடி யோசித்து ஒரு சீட்டைப் போட்டார், அவரிடம் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். வீட்டில் மின்சாரம் போயிருக்கலாம், இணையம் தடுமாறியிருக்கலாம், அடுப்பில் பால் பொங்கியிருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்தச் செய்தி நமக்கு உரியதில்லை. எனக்கு அப்படி ஓர் எண்ணம் தோன்றினால், தாமதமே இல்லாமல் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டு அதையே செய்கிறேன். அதனால் சில பிடி போயிருக்கிறது. போகட்டும்.

2020-இல் ஊரடங்கு வந்து கிளப்கள் பூட்டப்பட்டபோது உலகமே ப்ரிட்ஜ் பேஸ் ஆன்லைனுக்கு வந்து சேர்ந்தது. ஃப்ரெட் கிட்டல்மன் 2001-இல் தொடங்கிய அந்தத் தளம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்களில் உயிர்மூச்சாக இருந்தது. ஆனால் அதே காலத்தில், இன்னொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து நான்கு கையையும் பார்த்துக்கொண்டே ஆடியதாகப் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் ஜோடியாக ஆடுகிறார்கள், நண்பர்கள் இருவர் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். தவறான எண்ணம் இல்லாமலேகூட ஒரு ‘ச்ச’ வாயிலிருந்து வந்துவிடும், அது போதும். ஒரே வீட்டில் ஆடுவதானால் வேறு வேறு அறை, கதவு சாத்தி, போன் வேண்டாம். நான் வழக்கமாக ஆடும் பார்ட்னருடன், அமர்வு முடியும்வரை வாட்ஸ்அப்பைத் தொடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறேன்.

சாட் பெட்டிக்கு வருகிறேன். கை நடந்துகொண்டிருக்கும்போது பார்ட்னருக்கு எதுவும் எழுதக் கூடாது, ஒரு கேள்விக்குறிகூட. அது விதி. கை முடிந்தபிறகும் அதே அமர்வில் பிழை பேசுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட நியதி. அடுத்த கையை ஆடப்போகிறவர் மனதில் போன கையின் கசப்போடு ஆடினால், ஒரு பிடிக்காக நான்கு பிடியை இழப்போம். அதைவிட முக்கியம், எதிரே இருப்பது ஒரு மனிதர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்கலாம் என்று வந்தவர். அவர் முகம் எனக்குத் தெரியாது என்பதால் என் சொல் அவரைத் தைக்காமல் போய்விடாது. மேஜையில் என்றால் அவர் முகம் வாடுவதைப் பார்த்து நாமே குரலைத் தாழ்த்துவோம். திரையில் அந்தத் தடுப்பு கிடையாது, அதனால் எழுதுவதற்கு முன்பே தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிரணி நன்றாக ஆடினால் அதையும் எழுதுகிறேன். இந்தத் தளத்தில் ‘டபிள்யூ.டி.பி’ என்று மூன்றெழுத்தில் பார்ட்னரைப் பாராட்டும் வழக்கம் உண்டு. அதைத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

அமர்வு முடிந்து, இருவருக்கும் பேச விருப்பம் இருந்தால், நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: “என் சீட்டை நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?” ‘ஏன் இதைப் போட்டீர்கள்?’ என்று கேட்டால் ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார். எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால் அவர் பார்த்த ஆட்டம் நமக்குத் தெரியவரும். இப்படிக் கேட்கப்போய்த்தான் ஒருமுறை, மூன்று வாரமாக என்னோடு ஆடிவந்தவர் தலைகீழ் சைகை வைத்திருப்பதே தெரிந்தது. அவருக்குச் சிறிய சீட்டு என்றால் ‘பிடிக்கும்’, பெரியது என்றால் ‘வேண்டாம்’. மூன்று வாரமும் நான் ‘வா’ என்றபோதெல்லாம் அவர் போயிருக்கிறார். இருவருமே தப்பாக ஆடவில்லை. அதன்பிறகு புதியவர் யாருடன் உட்கார்ந்தாலும், முதல் சீட்டு வருவதற்கு முன் ஒரே வரியில் கேட்டுவிடுகிறேன்: சைகை நேரா, தலைகீழா, ஏஸ்-ராஜா இருந்தால் முதலில் எது, நீண்ட வரிசையில் நான்காவது சீட்டா. ஒரு நிமிட வேலை.

மற்ற நடைமுறைகள் சின்னவை. கை தவறித் தட்டிவிட்டேன் என்று எதிரணி அன்டூ கேட்டால், ஏலத்தில் என்றால் யோசிக்காமல் கொடுக்கிறேன். டம்மியையோ எதிராளியின் சீட்டையோ பார்த்துவிட்டு மனம் மாறிக் கேட்டால் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. டிக்ளேரர் மிச்சம் எல்லாம் எனக்கே என்று கிளெய்ம் செய்தால், அவர் காட்டும் கையை நிதானமாகப் பார்த்து, சரியென்றால் உடனே ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒரு பிடி உறுதி என்றால் மறுத்துவிட்டு ஆடுகிறேன், அதில் கோபத்துக்கு இடமில்லை. நம் ஏலத்துக்கு நாமே விளக்கம் எழுத வேண்டும் என்பது ஆன்லைனில் வந்த நல்ல மாற்றம். அதை எதிராளிகள் மட்டும் பார்ப்பார்கள், பார்ட்னருக்குத் தெரியாது. சோம்பல்படாமல் முழுதாக எழுதுவது நல்லது. கை பாதியில் இருக்கும்போது எழுந்து போவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. எவ்வளவு மோசமான கையாக இருந்தாலும் பதின்மூன்றாவது பிடிவரை இருந்துவிட்டுப் போகலாம்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ப்ரிட்ஜ் ஆண்கள் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கியபோது ஒருவருக்கு வயது 60, இன்னொருவருக்கு 56. பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். அந்தச் செய்தியில் எனக்குப் பிடித்தது அதுதான். எனக்கும் நிலையான ஒருவர் வேண்டும் என்று தோன்றியது.

கிடைத்தார். திருச்சியில் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நான் ‘சார்’ என்பேன், அவர் ‘தம்பி’ என்பார். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. சேர்ந்து ஆடத் தொடங்கிய புதிதில் இருவரும் ஒரு பக்கத் தாளில் எங்கள் சைகைகளை எழுதிக்கொண்டோம். அவர் தன் கையெழுத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்பினார். வரி வரியாக, பரீட்சைத் தாள்போல, முக்கியமானவற்றுக்கு அடிக்கோடு. மெக்கென்னிக்கு மட்டும் இரண்டு கோடு.

அந்த ஐரோப்பிய நண்பருக்கும் ஒரு செய்தி எழுதினேன். ஆர்ட்டின் ஏஸ் என்னிடம் இருந்தது, தவறு என்னுடையது, நீங்கள் ஆடியது சரி என்று. பதில் வரவில்லை. அந்தப் புனைபெயரை அதன்பிறகு எந்த மேஜையிலும் நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஓர் இரவு. எதிரணி 4 ஆர்ட்டின். நான் மேற்கு, சார் கிழக்கு. என் கையில் கிளாவர் ஏழு ஒன்றே ஒன்று, துருப்பில் மூன்று சின்னச் சீட்டு. ஏழை இறக்கினேன். டம்மி விரிந்தது: டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, ஐந்து. பார்க்கவே பயமுறுத்தும் வரிசை. சார் கிளாவர் ஏஸால் பிடித்தார். ஐந்தாறு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் கிளாவர் இரண்டு வந்து விழுந்தது. டிக்ளேரர் ராஜாவைப் போட்டார், நான் ஆர்ட்டின் நான்கால் வெட்டினேன்.

இப்போது ஆட வேண்டியது நான். இரண்டு பிடி எடுத்தாயிற்று, இன்னும் இரண்டு வேண்டும். சாரின் கைக்கு ஒருமுறை போய்ச் சேர்ந்தால் அவர் இன்னொரு கிளாவர் கொடுப்பார், நான் மறுபடி வெட்டுவேன். எதில் போய்ச் சேர்வது? துருப்பு ஆர்ட்டின், கிளாவர் ஆடியாயிற்று, மிச்சம் ஸ்பேடும் டைமனும். ஸ்பேட் வேண்டுமென்றால் பெரிய கிளாவரைத் திருப்பியிருப்பார். அவர் போட்டது இரண்டு, கட்டிலேயே சிறியது. டம்மியின் ராஜா, ராணி, ஜாக்கி என் கண்முன்னால் உட்கார்ந்திருந்தன. அந்த வரிசைக்குள் டைமனை ஆடுவது, எதுவும் தெரியாமல் பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம். டைமனைத்தான் ஆடினேன்.

சார் ஏஸைப் போட்டார். அடுத்த நொடியே கிளாவர் ஆறு வந்தது. ஐந்தால் வெட்டினேன். நான்கு பிடி.

கை முடிந்ததும் சாட் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: “தம்பி, அந்த ராஜா ராணியைப் பார்த்தும் டைமன் போட எப்படி மனசு வந்தது?”

“கிளாவர் ரெண்டு போட்டீங்களே, சார்” என்று எழுதினேன். அடுத்த சீட்டு பகிர்ந்தாகிவிட்டது.